மாப்பிள்ளைக்குப் பெண் தேடிய மாமியார்

எனக்கு நாற்பத்து நான்கு வயது நடந்தபோது, செம்மங்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் ரசாயனக் கம்பெனியின் வாசலுக்கு ஒரு அம்மாள் என்னைப் பெண் பார்க்க வந்தார்.

ஜெனரல் ஷிப்ட் முடிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். காலையிலிருந்து நின்றுகொண்டே சாம்பிள் பார்த்ததில் கால் கடுத்தது. செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டு, "மேடம், உங்களத் தேடி ஒருத்தவங்க வந்து ரொம்ப நேரமா டீக்கடையில உக்காந்திருக்காங்க" என்றார். எதிரே டீக்கடை பெஞ்சில் ஒரு அம்மாள். எழுபதுக்குப் பக்கத்தில் இருக்கும். வெளுத்த காட்டன் புடவை, மடியில் ஒரு துணிப்பை, அதன்மேல் குடை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நீதானே லேப்ல வேலை பாக்குற பொண்ணு?"

"ஆமாங்க. நீங்க?"

"நான் சிதம்பரத்துலேருந்து வரேன். எங்க மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாக்குறேன். உன்னப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

மாப்பிள்ளைக்கு என்பது என் காதில் தவறாக விழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, "உங்க பையனுக்குங்களா?" என்று கேட்டேன்.

"பையன் இல்லம்மா. மாப்பிள்ளைதான். என் பொண்ணக் கட்டுனவரு. பொண்ணு தவறிட்டா, ஆறு வருஷம் ஆவுது. ரத்தத்துல புத்துநோய். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சும் காப்பாத்த முடியல. கொழந்த இல்ல. நானும் மாப்பிள்ளையும்தான் ஒரே வீட்டுல இருக்கோம்."

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. நான் போகவில்லை. அந்த அம்மாள் என் பதிலுக்குக் காத்திராமல், கட்டைவிரலால் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு என் கையைத் திருப்பி நகத்தைப் பார்த்தார். "ரத்தம் கம்மியா இருக்கு. மத்தபடி ஒண்ணும் இல்ல" என்றார். கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசவம் பார்த்த நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது பிறகு தெரிந்தது.

"வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தா நாங்களே..." என்று இழுத்தேன்.

"வீட்டுக்கு வந்தா நீ பட்டுப்புடவை கட்டிக்கிட்டு காப்பித் தட்டோட வந்து நிப்ப. அதுல என்னா தெரியும்? வேலை முடிஞ்சு களைச்சு வர்றப்பதான் ஒருத்தர் மொகம் சரியாத் தெரியும். அந்தக் கேட்டுல ஒரு பொண்ணு பையைக் கீழ போட்டாளே, நீதானே குனிஞ்சு எடுத்துக் குடுத்த?"

நான்தான். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே அது நினைவு வந்தது.

என்னை ஒருவர் 'பொண்ணு' என்று சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். எனக்கு இருபத்து நான்கு வயதில் முதல் வரன் வந்தபோது, தரகர் அப்பாவிடம் "நம்ம பொண்ணு" என்றார். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்திருந்தேன். வேலையை விட்டுவிட வேண்டும் என்று கேட்டார்கள். அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டது. தம்பி அப்போது பாலிடெக்னிக்கில் இருந்தான். நான் வேலையை விடவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களில் ஒருவர் ஜாதகத்தைச் சொன்னார், ஒருவர் நிறத்தைச் சொன்னார், ஒருவர் சிப்காட் ரசாயனக் கம்பெனியில் வேலை செய்கிற பெண்ணுக்குக் குழந்தை தங்குமா என்று என் காதுபடவே கேட்டார். முப்பது தாண்டியதும் தரகர் 'பொண்ணு' என்பதை விட்டுவிட்டு 'உங்க வீட்டுல இருக்குறவங்க' என்று சொல்ல ஆரம்பித்தார். அப்பா போய்ச் சேர்ந்தார். தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. நாற்பதாவது வயதில் அதே தரகர் என்னைக் கடைத்தெருவில் பார்த்து "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றார். தரகரே மேடம் என்று கூப்பிட்டுவிட்டால் அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

அதற்கப்புறமும் சில வரன்கள் வரத்தான் செய்தன. தனக்குத் தினமும் இன்சுலின் ஊசி போட ஆள் வேண்டும் என்று சொன்ன ஒரு பெரியவர். இரண்டு பையன்களுக்கும் சயின்ஸ் டியூஷன் எடுக்க முடியுமா என்பதையே முதல் கேள்வியாகக் கேட்ட ஒரு பண்ருட்டி முந்திரி வியாபாரி. எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. காலையில் பஸ், பகல் முழுக்க லேப், ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு டிவி என்று என் நாட்கள் ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தன. என் போட்டோ எனக்குத் தெரியாமல் அம்மாவின் கையிலிருந்து சிதம்பரத்துத் தரகர் ஒருவருக்குப் போயிருந்தது என்பதை அந்த அம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

தைப்பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சிதம்பரம் போனேன். கோயிலுக்குள் சிவகங்கைக் குளத்துப் படியில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஐம்பது வயது. லால்பேட்டைக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மெலிந்த ஆள், சட்டைப்பையில் இரண்டு பேனா. அந்த அம்மாள், "நீங்க பேசுங்க, நான் ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

வாத்தியார் குளத்துத் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்த ஏற்பாடெல்லாம் அத்தையோடது. ரெண்டு வருஷமா இதே பேச்சுதான் பேசுறாங்க. எனக்குன்னு தனியா ஒரு ஆசை இல்ல. ஆனா அவுங்க மனசு நோவக் கூடாது. அதான் வந்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இவ்வளவு வருடத்தில் பெண் பார்க்க வந்தவர்களில் மனதில் உள்ளதை உள்ளபடி சொன்னவர் இவர் ஒருவர்தான்.

"சார், அவுங்க மனசு நோவக் கூடாதுன்னு நீங்க கோயிலுக்கு வரலாம். கல்யாணம் பண்ணிக்க முடியாது" என்றேன். "எனக்கும் ஒரு மனசு இருக்குல்ல?"

அவர் தலையாட்டினார். "சரிதாங்க" என்றார்.

அந்த அம்மாள் நெற்றியில் விபூதியோடு திரும்பி வந்ததும் நானே அவரிடம் சொன்னேன். "எனக்கு இது சரிப்படாதுங்கம்மா. உங்க மாப்பிள்ளை நல்லவரு. ஆனா இது உங்க ஆசை, அவரோடது இல்ல." அவர் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து, "பேரீச்சம்பழம். தெனம் ரெண்டு சாப்புடு" என்று கையில் கொடுத்தார்.

கடலூர் திரும்பும் பஸ்ஸில் நான் அழுதேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை அழுகை நிற்கவில்லை. எதற்கு என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

சில நாள் கழித்து அந்த அம்மாள் போன் செய்தார். சமாதானம் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். "நீ சொன்னதுதான் சரி. அவரு வாயத் தொறந்து ஒண்ணும் கேக்காம இருக்குறதுக்கு நான்தான் காரணம். எல்லாத்தையும் நானே முடிவு பண்ணிப் பழகிட்டேன்" என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

மாசி, பங்குனி, சித்திரை போயிற்று. வைகாசியில் ஒரு நாள் மதிய சாப்பாட்டு இடைவேளையில் வாத்தியாரிடமிருந்து போன்.

"அத்தை போயிட்டாங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, எப்பங்க?"

"இல்லல்ல, நல்லா இருக்காங்க. பண்ருட்டி பக்கத்துல அவுங்க தங்கச்சி வீடு. பொட்டி கட்டிக்கிட்டு அங்க போயிட்டாங்க. 'நான் இருக்குற வரைக்கும் நீங்க உங்களுக்காவ ஒண்ணும் பண்ணிக்க மாட்டீங்க'ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாங்க. ரெண்டு தடவ போய்க் கூப்புட்டுட்டேன், வர மாட்டேங்குறாங்க. நீங்க ஒரு தடவ வந்து சொன்னா கேப்பாங்க. கல்யாணத்துக்காவக் கூப்புடல. அவுங்கள வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரணும்."

போகாமல் இருந்திருக்கலாம். யாரோ ஒருவருடைய மாமியார் எங்கேயோ கோபித்துக்கொண்டு போனதற்கு நான் ஏன் லீவு போட வேண்டும்? ஆனாலும் போட்டேன்.

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பலாப்பழ வாசனை ஆளைத் தூக்கியது. லாரிகளில் ஏற்றுவதற்காக ரோட்டோரம் மலைமாதிரிக் குவித்து வைத்திருந்தார்கள். அவர் வடலூர் வழியாக எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். அந்த ஊருக்குப் போகும் டவுன் பஸ் வர நேரமாகும் என்றார்கள். கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். இருவரும் நிழலில் நின்று குடித்தோம்.

"அன்னைக்கு உங்ககிட்ட சொன்னது பொய் இல்ல" என்று ஆரம்பித்தார். "ஆனா அது பாதிதான். நான் சரின்னு தலையாட்டிட்டா, 'இவன் நம்ம பொண்ண மறந்துட்டான்'னு அத்தைக்கு ஒரு நிமிஷமாவது தோணுமோன்னு பயம். அவுங்களே பொண்ணு தேடுனாலும் அந்தப் பயம் போவல."

நான் காலி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவுங்க போனப்புறம் வீட்டுல பேசுறதுக்கு ஆள் இல்ல. யாருகிட்ட பேசலாம்னு யோசிச்சப்ப உங்க ஞாபகம் வந்துச்சு. என்கிட்ட யாரும் அப்புடி மூஞ்சிக்கு நேரா சொன்னதில்ல. இப்ப நானாத்தான் கேக்குறேன். அத்தை சொல்லிக் கேக்கல."

"நீங்க அவுங்களக் கூப்புட வந்தீங்களா, என்னக் கேக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்குந்தான்" என்றார். சட்டையில் சாறு சிந்தியிருந்தது. கைக்குட்டையால் அதையே துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் எனக்கு ஒரு சீட் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் மனம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தது. அந்த ஊர் வருவதற்குள் அதை எனக்கு நானே ஒப்புக்கொண்டேன்.

தங்கச்சி வீட்டு வாசலில் பலாமரத்து நிழலில் அந்த அம்மாள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழம் அறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் அரிவாள்மணையை விட்டு எழுந்தார்.

"சாருக்கு நான் சரின்னு சொல்லப் போறேன்" என்றேன். நான் சொல்வது பக்கத்தில் நின்ற வாத்தியாருக்கும் அப்போதுதான் தெரியும். "ஆனா நீங்க அந்த வீட்டுல இருக்கணும்."

"பைத்தியமா உனக்கு? நீ வந்தப்புறம் நான் எதுக்கு அங்க? புதுசா வர்றவளுக்கு மூத்தவளோட ஆத்தா எதுக்கு?"

"உங்கள நம்பித்தான் இவர நான் பாக்கவே வந்தேன். கம்பெனி வாசல் வரைக்கும் பஸ் ஏறி வந்து என்னப் பாத்தது நீங்கதான். உங்கள அனுப்பிட்டு நான் எப்புடி அங்க போயி உக்காருறது?"

அவர் எண்ணெய்க் கையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். கண் கலங்கியது, துடைக்க முடியவில்லை. நான்தான் என் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். பிறகு, "பழத்தத் தின்னுட்டுப் போவலாம். பாதியில உட்டா எறும்பு வரும்" என்றார்.

தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "அக்கா, செத்துப்போனவங்களோட அம்மா இருக்குற வீட்டுக்கு யாராவது வாழப் போவாங்களா? தெனம் அவுங்க பொண்ணோட உன்ன வெச்சு அளந்து பாப்பாங்க. இவ்ளோ நாள் இருந்துட்டு இப்ப எதுக்கு இந்தத் தலவலி?" என்றான். அவன் சொன்னது அக்கறையில்தான். எனக்கும் அந்தப் பயம் கொஞ்சம் இருந்தது. அம்மா மட்டும், "அந்தம்மாவ நான் பாக்கணும்" என்றாள்.

அடுத்த வாரமே அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பி மனைவி போட்ட காபியை இருவரும் குடித்து முடித்த பிறகு அம்மா நேராகவே கேட்டாள்:

"ஏங்க, பெத்த பொண்ணு இருந்த எடத்துல இன்னொருத்திய நீங்களே தேடிக் கொண்டுவந்து வெக்க உங்களுக்கு எப்புடி மனசு வந்துச்சு?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் பொண்ணு போயிட்டா. அதுக்காவ அவரையும் நான் உட்டுடணுமா? ஆஸ்பத்திரியில அவ வாந்தி எடுத்த பாத்திரத்தக் கழுவுனவரு அவரு. பாத்ரூமுக்குத் தூக்கிக்கிட்டுப் போனவரு. அவ போனப்புறம் என்னயும் கூடவே வெச்சிக்கிட்டாரு. எனக்கு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த மனுசன் ராத்திரி சோத்துக்கு ஒத்தையில உக்காந்திருப்பாரு. அத நெனச்சாதான் எனக்குத் தூக்கம் வராது. மத்தது எதுவும் எனக்குக் கஷ்டமாவே தெரியல."

அம்மா எழுந்து போய் உள்ளேயிருந்து குங்குமச்சிமிழைக் கொண்டுவந்தாள். இருவருமே அதை இட்டுக்கொள்கிறவர்கள் இல்லை. அம்மா அதை என் தம்பி மனைவியிடம் கொடுத்து எனக்கு வைத்துவிடச் சொன்னாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது ஸ்வீட் பாக்ஸோடு வந்தான்.

ஆவணியில் திருவந்திபுரத்தில் கல்யாணம். முகூர்த்த நாளில் அந்தக் கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மலைமேல் மண்டபத்தில் எங்கே திரும்பினாலும் மாலையும் கழுத்துமாகத்தான் நிற்பார்கள். இடம் பிடிப்பதற்கே தம்பி விடியும் முன்னால் போயிருந்தான். எனக்குப் பக்கத்தில் கல்யாணம் நடந்த பெண்ணுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். புடவை மடிப்பு நழுவி, கலவரத்தோடு என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, ஊக்கு இருக்கா?" என்று கேட்டாள். என் முந்தானையிலிருந்து ஒன்றைக் கழற்றிக் குத்திவிட்டேன். "தேங்க்ஸ் ஆன்ட்டி. உங்க பொண்ணு எங்க நிக்குறாங்க?" என்றாள்.

"நான்தாம்மா பொண்ணு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என் மாலையைப் பார்த்தாள், மருதாணிக் கையைப் பார்த்தாள். "சூப்பரா இருக்கீங்க அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் மேளம் ஒரே நேரத்தில் கொட்டியது. எந்த மேளம் எனக்கு, எது அவளுக்கு என்று தெரியவில்லை. அந்தச் சத்தத்தில்தான் அவர் எனக்குத் தாலி கட்டினார். முதலில் முடிச்சு விழவில்லை. பின்னாலிருந்து அந்த அம்மாள், "பொறுமையா மாப்பிள்ளை, பொறுமையா" என்று சொல்வது கேட்டது.

அன்று மாலை சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் அவர் முதல் மனைவியின் படம். சிரித்த முகம், ஒரு பல் லேசாக மேலேறியிருக்கும். படத்துக்குப் புதுப் பூ வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். அன்று முழுக்க அடக்கி வைத்திருந்த எல்லாம் சேர்ந்து பொங்க, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்றேன்.

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் தலையை அசைத்தார்.

"அப்புடிக் கூப்புடாதம்மா. அம்மான்னு கூப்புட எனக்கு ஒருத்தி இருந்தா. அது அவளோடது, அவகிட்டயே இருக்கட்டும். அவ எடத்துக்கு உன்ன நான் கூட்டியாரல. ஒனக்குன்னு இங்க ஒரு எடம் இருக்கு. நீ அத்தைன்னு கூப்புடு."

ஒரு நொடி எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடி, நான் எத்தனை பெரிய மனுஷியின் முன்னால் நிற்கிறேன் என்று புரிந்தது. யாருடைய இடத்திலாவது போய் உட்காரத்தான் என்னைக் கேட்டிருந்தார்கள் இத்தனை வருடமும். செத்துப்போனவளின் இடம், நர்ஸின் இடம், டியூஷன் டீச்சரின் இடம். ஒனக்குன்னு ஒரு எடம் என்று சொல்ல, மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் வர வேண்டியிருந்தது. தம்பி பயந்தானே, அளந்து பார்ப்பார்கள் என்று. அந்த வீட்டில் அளவு என்பதே கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார்.

"சரிங்க அத்தை" என்றேன்.

இப்போது தினமும் சிதம்பரத்திலிருந்து செம்மங்குப்பத்துக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். வேலையை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவர் லால்பேட்டைப் பக்கம் பைக்கில் கிளம்பும்போது நானும் கிளம்புவேன். இரண்டு டிபன் பாக்ஸையும் அத்தை கட்டி வைத்திருப்பார். ஞாயிறுதோறும் கடலூர் போய் அம்மாவைப் பார்த்து வருகிறேன். அவரும் நானும் ஒருவருக்கொருவர் 'வாங்க, போங்க' என்றுதான் பேசிக்கொள்கிறோம். அதை மாற்ற இருவருக்கும் கூச்சம். சில நாள் சாப்பிட்ட பிறகு கணக்குப் பேப்பர் திருத்திக்கொண்டே அவர் ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுப்பார். தான் பாடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. நான் படித்துக்கொண்டிருப்பதுபோல உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன ஐப்பசியில் அக்காவின் திதி வந்தது. மூத்தவளை நான் அப்படித்தான் சொல்கிறேன், அவள் என்னைவிடச் சின்னவளாகவே போய்விட்டாலும். லீவு போட்டுவிட்டு நான்தான் சமைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. காக்கைக்கு வைக்க மாடியில் நனைந்துகொண்டு நின்றோம். எந்தக் காக்கையும் வரவில்லை. "வர மாட்டா, மழையில நனைஞ்சா சளி புடிக்கும்னு அவளுக்குப் பயம்" என்றார் அத்தை. அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

கீழே வந்து இலை போட்டோம். அத்தை சாம்பாரை ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உப்பு போட்டியா?"

நான் மறந்தே போயிருந்தேன். திதிச் சமையலை ருசி பார்க்கக்கூடாது என்று வாயில் வைக்காமலே இறக்கியிருந்தேன்.

"அவளும் இப்புடித்தான், என்னைக்குப் போட்டா உப்பு?" என்று சொல்லி அத்தை சிரிக்க ஆரம்பித்தார். அவர், "ஒரு தடவ ஹெட்மாஸ்டர் வந்தப்ப..." என்று எடுத்தார். அத்தை, "அந்தக் கதையச் சொல்லாதீங்க, எனக்குப் பொறையேறும்" என்றார். அவர் சொன்னார். அத்தைக்குப் புரையேறியது. நான் எழுந்து போய்த் தண்ணீரும் உப்பும் எடுத்துக்கொண்டு வந்து, அத்தையின் தலையைத் தட்டிவிட்டு, கதையின் மீதியைக் கேட்பதற்காகப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.